தொலைவிலிருந்து பாக்கெட் கேப்சர்: நெட்வொர்க் பணிக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு கடிதம்

ரூட்டர், ஃபயர்வால், ஸ்விட்ச் போன்ற ஒரு சாதனத்தின் வழியே போகும் பாக்கெட்டுகளை, அந்தச் சாதனத்தின் அருகே போகாமல், வேறோர் ஊரில் இருக்கும் கணினியிலிருந்து எடுத்துப் பார்ப்பதே தொலைநிலைக் கேப்சர். ஒரு கிளை அலுவலகத்தில் இணையத் தொலைபேசி அழைப்புகள் 32ஆவது விநாடியில் அறுந்துபோகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். சாதனத்தின் லாக் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டும். கேப்சரைத் திறந்தால், அழைப்பை எடுத்தவர் பக்கத்திலிருந்து '200 ஓகே' என்ற பதில் மீண்டும் மீண்டும் போவதும், அதற்கு வரவேண்டிய 'ஏக்' செய்தி வராமலே இருப்பதும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அழைப்புகளை இணைக்கும் சிப் (எஸ்ஐபி) நெறிமுறையில் அந்த ஏக் வராவிட்டால் காத்திருக்கும் கெடு 32 விநாடி. கெடு முடிந்ததும் அழைப்பு கைவிடப்படுகிறது. வேறு எந்தக் கருவியும் இவ்வளவு நேரடியாக விடை தருவதில்லை. அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதல் ஆண்டிலேயே இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கற்கும் வரிசை மட்டும் பெரும்பாலும் தலைகீழாக அமைந்துவிடுகிறது. தொடங்கும் கட்டளை முதலில் மனப்பாடமாகிறது. எப்போது நிற்கும், கோப்பு எங்கே போகும், யார் அனுமதித்தது என்ற கேள்விகள் ஏதாவது கெட்டுப்போன பிறகே எழுகின்றன. அந்த வரிசையை மாற்றிக்கொள்வதே இளம் பொறியாளருக்கு இங்கே தரப்படும் யோசனை. ஒரு கேப்சர் எப்படி முடியப்போகிறது என்று எழுதி வைக்காமல் அதைத் தொடங்கக் கூடாது.

இதன் அவசரத்தை 2018இல் நடந்த ஒன்று காட்டுகிறது. மைக்ரோடிக் ரூட்டர்களின் வின்பாக்ஸ் நிர்வாக வசதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. நிறுவனம் ஏப்ரல் மாதமே திருத்தம் வெளியிட்டுவிட்டது. திருத்தம் போடாத சாதனங்கள் ஏராளமாக மிஞ்சின. செப்டம்பரில் சீனாவின் 360 நெட்லேப் ஆய்வுக் குழு, 7,500க்கும் மேற்பட்ட மைக்ரோடிக் ரூட்டர்கள் தங்கள் உரிமையாளர்களின் ட்ராஃபிக்கை முன்பின் தெரியாத முகவரிகளுக்கு நகல் எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. குறிவைக்கப்பட்டவை 20, 21, 25, 110, 143 போன்ற போர்ட்டுகள், அதாவது எஃப்டிபியும் மின்னஞ்சலும். நகல் எடுக்கத் தாக்கியவர்கள் தனியாக ஒரு நிரலை எழுதவில்லை. பழுது பார்க்கும் பொறியாளர்களுக்காகவே சாதனத்தில் வைக்கப்பட்டிருந்த ஸ்னிஃபர் வசதியை இயக்கி, டிஇசட்எஸ்பி என்ற நெறிமுறையில் பாக்கெட்டுகளை வெளியே அனுப்பவைத்தார்கள், அவ்வளவுதான். நிர்வாகி தொடங்கிய கேப்சருக்கும் திருடன் தொடங்கிய கேப்சருக்கும் சாதனத்தின் கண்ணில் வித்தியாசமே கிடையாது. யார் தொடங்கியது, இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கும் மனிதர் ஒருவர் இருந்தால்தான் வித்தியாசம் பிறக்கும்.

முதல் வேலை அனுமதி. நெட்வொர்க்கின் உரிமையாளரோ அவர் பொறுப்பில் வைத்தவரோ எழுத்தில் தர வேண்டும். தொலைபேசியில் மேலாளர் சொன்ன 'பாத்துக்கோ' போதாது. எந்த இன்டர்ஃபேஸ், எந்த முகவரிகள், எத்தனை நிமிடம், கோப்பை யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்ற ஐந்தும் டிக்கெட்டில் ஐந்து வரியாக இருந்தால் போதும். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆவது பிரிவு, பொறுப்பில் இருப்பவரின் அனுமதியின்றி ஒரு நெட்வொர்க்கிலிருந்து தரவை நகலெடுப்பதைத் தவறாக்குகிறது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் தரவை இடைமறிப்பதைக் குற்றமாகக் கொள்கிறது. அந்த ஐந்து வரி பொறியாளருக்கும் பாதுகாப்புதான்.

அடுத்தது பாக்கெட் எந்த வழியில் பயணப்படும் என்ற தேர்வு. சாதனத்தில் லினக்ஸ் போன்ற அமைப்பு இருந்து, பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்ப் நிரல் ஓடுமானால், எஸ்எஸ்எச் வழியாக அதை இயக்கி, வெளியீட்டை அப்படியே தன் கணினியில் பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்குக்குள் விடுவதே சிறந்த வழி. குறியாக்கம், அடையாளச் சரிபார்ப்பு இரண்டையும் எஸ்எஸ்எச் பார்த்துக்கொள்கிறது. சாதனத்தில் புதிதாக ஒரு போர்ட் திறக்க வேண்டியதில்லை. வயர்ஷார்க்கில் இதற்கென்றே எஸ்எஸ்எச்டம்ப் என்ற வசதியும் இருக்கிறது.

ஆர்பிகேப் என்ற இன்னொரு வழி உண்டு. சாதனத்தில் ஒரு சேவை 2002ஆம் போர்ட்டில் காத்திருக்கும். வயர்ஷார்க் நேரடியாக அதனுடன் பேசும். வசதியானதுதான். ஆனால் கடவுச்சொல்லே கேட்காமல் யாரையும் உள்ளே விடும் தெரிவு அதில் இருக்கிறது. கடவுச்சொல் வைத்தாலும் பழைய பதிப்புகளில் அது மறைக்கப்படாமலே கம்பியில் போகும். 2019இல் வந்த லிப்பிகேப் 1.9.1 பதிப்பு இந்தச் சேவையில் இருந்த பல ஓட்டைகளை அடைத்தது, 1.10 பதிப்பில் டிஎல்எஸ் குறியாக்கம் சேர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும், நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிய தனி நெட்வொர்க்குக்கு வெளியே இதை இயக்குவது நியாயமாகப் படவில்லை. டிஇசட்எஸ்பியும், ஜிஆர்ஈக்குள் பாக்கெட்டை வைத்து அனுப்பும் ஈஆர்ஸ்பேனும் குறியாக்கம் எதுவும் செய்வதில்லை. அவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால் ஐபிசெக் சுரங்கத்துக்குள் வைத்து அனுப்ப வேண்டும். பொது இணையத்தில் அப்படியே அனுப்புவது, அழைப்பவர்களின் பேச்சை வழியில் இருக்கும் எல்லோருக்கும் ஒப்படைப்பதாகிவிடும்.

எஸ்எஸ்எச் வழிக்குள்ளும் சில நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, கேப்சர் தன்னையே பிடித்துக்கொள்ளும் சிக்கல். பிடித்த ஒவ்வொரு பாக்கெட்டும் எஸ்எஸ்எச் பாக்கெட்டாக மாறி அதே இன்டர்ஃபேஸ் வழியே வெளியே போகிறது, அதுவும் பிடிபடுகிறது, அதை அனுப்ப இன்னொரு பாக்கெட் எழுகிறது. வடிகட்டி இல்லாமல் தொடங்கினால் சில விநாடிகளில் இணைப்பு முழுக்க இந்தச் சுழலே நிரம்பிவிடும். 22ஆம் போர்ட்டை மொத்தமாக விலக்கச் சொல்லிப் பல குறிப்புகள் எழுதுகின்றன. அது வேறு யாராவது அந்தச் சாதனத்துக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைவதையும் சேர்த்து மறைத்துவிடும். தன் முகவரியும் 22ஆம் போர்ட்டும் சேர்ந்து வரும் பாக்கெட்டை மட்டும் விலக்குவது மேல். தன் முகவரி என்பது தன் கணினியில் தெரியும் முகவரி ஆகாது. நடுவில் என்ஏடி இருந்தால் சாதனம் வேறொரு முகவரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஓபன்எஸ்எஸ்எச் உள்ள சாதனத்தில் நுழைந்ததும் எஸ்எஸ்எச்_கனெக்‌ஷன் என்ற சூழல் மாறியை அச்சிட்டுப் பார்த்தால் முதல் உறுப்பாக அந்த முகவரி நிற்கும்.

இரண்டாவது, எஸ்எஸ்எச்சிடம் டெர்மினல் கேட்கக் கூடாது. டெர்மினல் வந்தால் அது வரி முடிவுகளை மாற்றி எழுதும். இரும வடிவில் வரும் கேப்சர் சிதைந்துபோய், வயர்ஷார்க் கோப்பு கெட்டிருப்பதாகப் புலம்பும். மூன்றாவது, ஒவ்வொரு பாக்கெட்டையும் உடனுக்குடன் வெளியே தள்ளும்படி டிசிபிடம்ப்பிடம் சொல்ல வேண்டும். இல்லையேல் பஃபர் நிரம்பும் வரை திரை வெறுமையாகவே இருக்கும். பெயர் தேடலையும் நிறுத்திவிடுவது நல்ல பழக்கம். திரையில் முகவரிகளைப் பெயராக்கிக் காட்டப் போனால் டிஎன்எஸ் கேள்விகள் கிளம்பி, ஆராயப்படும் ட்ராஃபிக்கோடு கலந்துவிடும்.

அதிகம் சறுக்கும் இடம் உரிமைகள். பாக்கெட்டைப் பிடிக்கக் கெர்னலிடம் தனி உரிமை வேண்டும். ரூட் கணக்கு இருந்தால் வேலை எளிது என்பதால் பலரும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் கவனமானவர்கள் சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, சுடூ விதியில் 'டிசிபிடம்ப்பை மட்டும் ரூட்டாக ஓட்டலாம்' என்று எழுதுகிறார்கள். பார்வைக்கு இது பாதுகாப்பானது. உண்மையில் முழு ரூட் உரிமையைக் கொடுத்ததற்குச் சமம். கேப்சர் கோப்பு சுழலும்போது முடிந்த கோப்பின் மேல் ஒரு நிரலை ஓட்டும் தெரிவு டிசிபிடம்ப்பில் இருக்கிறது, கோப்பைச் சுருக்குவதற்காக. அந்த இடத்தில் எந்த நிரலின் பெயரையும் கொடுக்கலாம். எந்தப் பயனராக ஓட வேண்டும் என்பதையும் இன்னொரு தெரிவில் சொல்லலாம். எழுதும் கோப்பின் பெயராக அமைப்பின் முக்கியக் கோப்பு ஒன்றைக் கொடுத்து அதை நாசமாக்கவும் முடியும். ஆகவே தெரிவுகளைப் பயனர் கையில் விடாமல், இன்டர்ஃபேஸ், வடிகட்டி, கால வரம்பு எல்லாவற்றையும் உள்ளேயே எழுதிவைத்த சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் திருத்த முடியாதபடி வைத்து, அந்த ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் சுடூ தர வேண்டும். ஸ்கிரிப்ட் வெளியிலிருந்து எந்த வாதத்தையும் வாங்கக் கூடாது. வடிகட்டியை மாற்ற வேண்டுமானால் ஸ்கிரிப்ட்டையே மாற்றட்டும். அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

இதே கட்டுப்பாட்டை எஸ்எஸ்எச் சாவியிலும் போடலாம். கேப்சருக்கென்று தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, சாதனத்தில் அந்தச் சாவி பதிவாகும் வரியின் தொடக்கத்தில் இந்த ஸ்கிரிப்ட்டின் பெயரைக் கட்டாயக் கட்டளையாக எழுதிவிட்டால், அந்தச் சாவியோடு வருகிறவர் என்ன கேட்டாலும் ஸ்கிரிப்ட் மட்டுமே ஓடும். எந்த முகவரியிலிருந்து வரலாம் என்பதையும் அதே வரியில் குறிக்கலாம். ஓபன்எஸ்எஸ்எச் 7.2 முதல் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரே சொல்லில் டெர்மினல், போர்ட் திருப்புதல் எல்லாம் அடைபடுகின்றன. ஓபன்டபிள்யூஆர்டி ஓடும் சிறு ரூட்டர்களில் எஸ்எஸ்எச் வேலையை டிராப்பேர் செய்கிறது. அங்கே பெரும்பாலும் ரூட் கணக்கு ஒன்றுதான் இருக்கும். டிராப்பேரும் கட்டாயக் கட்டளையை ஏற்கும் என்பதால், ரூட்டாகவே நுழைந்தாலும் அந்தச் சாவியால் கேப்சரைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத நிலையைக் கொண்டுவரலாம். முதல் முறை இணையும்போது சாதனத்தின் சாவி ரேகை சரிதானா என்று திரையில் வரும் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' அடிப்பவர்கள் நிறையப் பேர். சாதனத்தின் கன்சோலில் ரேகையைப் பார்த்து ஒப்பிட்ட பிறகே அதற்கு விடை சொல்ல வேண்டும்.

வடிகட்டி என்பது வேகத்துக்கான ஏற்பாடாகத் தொடங்கியது. 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேகப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் டிசிபிடம்ப்பை எழுதினார்கள். பின்னர் மெக்கேனும் ஜேகப்சனும் வடிவமைத்த பிபிஎஃப், வேண்டாத பாக்கெட்டைக் கெர்னலுக்குள்ளேயே ஒதுக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் நகலெடுக்க வழி செய்தது. இன்று அந்த வடிகட்டிக்கு இன்னொரு மதிப்பும் கூடியிருக்கிறது: சாதனத்தை விட்டு வெளியே வராத தரவு யாரிடமும் கசிய முடியாது. எல்லாவற்றையும் எடுத்து வந்து வயர்ஷார்க்கில் வடிகட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கத்தை இளம் வயதிலேயே விட்டுவிட வேண்டும்.

மேலே சொன்ன தொலைபேசிச் சிக்கலையே எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். தேவைப்படுவது அழைப்பை இணைக்கும் சிப் செய்திகள் மட்டும். அவை வழக்கமாக 5060ஆம் போர்ட்டில் போகும். குரல் வேறு போர்ட்டுகளில் ஆர்டிபி பாக்கெட்டுகளாகப் போகிறது. பல அலுவலகங்களில் அதற்குக் குறியாக்கம் கிடையாது; பிடிபட்ட குரலை ஒலிக்கச் செய்யும் பொத்தான் வயர்ஷார்க்கிலேயே இருக்கிறது. வடிகட்டி இல்லாமல் எடுத்த கோப்பு, பழுது பார்க்கப் போனவரின் கையில் ஊழியர்களின் அந்தரங்கப் பேச்சைத் திணித்துவிடும். சிப் சேவையகத்தின் முகவரி, 5060ஆம் போர்ட் என்று இரண்டு நிபந்தனை போட்டால் அந்தப் பேச்சு கோப்புக்குள் வரவே வராது. நேர வரம்பும் சிக்கலிலிருந்தே கிடைக்கிறது: 32 விநாடியில் அறுந்துபோகும் அழைப்புக்கு இரண்டு சோதனை அழைப்புகளும் ஐந்து நிமிடக் கேப்சரும் தாராளம்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் எத்தனை பைட் எடுப்பது என்பதும் இதே வகையான முடிவு. டிசிபிடம்ப் தானாக 2,62,144 பைட் வரை எடுக்கும், அதாவது நடைமுறையில் முழுப் பாக்கெட்டையும். தாமதம், மறுஅனுப்பல் போன்றவற்றை ஆராய முதல் 96 அல்லது 128 பைட் போதும். சிப் சிக்கலுக்கு அது போதாது. செய்தியின் 'கான்டாக்ட்' வரியில் தவறான முகவரி இருக்கிறதா என்று பார்க்க முழுச் செய்தியும் வேண்டும். தேவைக்கு மேல் எடுத்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ வாகனங்கள் சான்று. 2007 முதல் 2010 வரை வைஃபை இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு போன அந்த வாகனங்கள், பூட்டப்படாத வைஃபைகளில் ஓடிய உள்ளடக்கத்தையும் சேர்த்துச் சேமித்துவிட்டன. இடம் குறிக்க வைஃபையின் பெயரும் அடையாள எண்ணும் போதுமானவை. 2013இல் அமெரிக்காவின் 38 மாநிலங்களுடனும் தலைநகர் மாவட்டத்துடனும் 70 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ளும் நிலை அந்நிறுவனத்துக்கு வந்தது.

நேர வரம்பைச் சாதனத்தின் பக்கம் வைக்க வேண்டும். எஸ்எஸ்எச் அறுந்தால் டிசிபிடம்ப்பும் நின்றுவிடும் என்று நம்புவது பாதிதான் சரி. அடுத்த பாக்கெட்டை எழுத முயலும்போதுதான் மறுமுனை இல்லை என்பது அதற்குத் தெரியும். வடிகட்டி மிகக் குறுகலாக இருந்து பாக்கெட்டே வராமல் போனால், யாருக்கும் தெரியாமல் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். டைம்அவுட் கட்டளைக்குள் வைத்துத் தொடங்குவதும், பாக்கெட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பதும் இரட்டைப் பூட்டு.

அளவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் முழுதாக ஓடும் இணைப்பு நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிகாபைட் தரும். சிறு ரூட்டர்களில் தற்காலிகக் கோப்புறை பெரும்பாலும் ரேம் நினைவகத்திலேயே இருக்கும். அதில் கேப்சர் எழுதினால் நினைவகம் நிரம்பி, ரூட்டரின் மற்ற சேவைகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். நேரடியாக வெளியே அனுப்பினால் கிளையின் இணைய இணைப்பு அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஏற்கெனவே சிபியு திணறும் சாதனத்தில் எஸ்எஸ்எச் குறியாக்கத்தையும் ஏற்றினால் பழுது கூடும். அங்கே ட்ராஃபிக்கை நகலெடுத்துத் தரும் ஸ்விட்ச்சின் ஸ்பேன் போர்ட்டில் ஒரு சிறு கணினியை வைத்து எடுப்பதே சரி. அதிலும் ஒரு வரம்பு உண்டு: 1 ஜிகாபிட் போர்ட்டின் இரு திசை ட்ராஃபிக் உச்சத்தில் 2 ஜிகாபிட், அதை 1 ஜிகாபிட் போர்ட்டுக்கு நகலெடுத்தால் மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இதுவரை சொன்னது தரவின் பாதுகாப்பு. தவறான முடிவுக்கு வராமல் இருப்பதும் பாதுகாப்பின் பாதிதான், ஏனென்றால் கேப்சரில் இல்லாத பாக்கெட் கம்பியிலும் இல்லை என்று நினைத்து ஃபயர்வால் விதியை மாற்றப் போகிறவர் நன்றாக ஓடும் அலுவலகத்தையும் கவிழ்த்துவிடுவார். ஸ்விட்ச்களும் பெரிய ரூட்டர்களும் பாக்கெட்டை வன்பொருளிலேயே திருப்பி அனுப்புகின்றன. அவை சிபியுவுக்கு வருவதே இல்லை. ஜூனிபர் சாதனத்தில் 'மானிட்டர் ட்ராஃபிக்' கட்டளை, சாதனத்துக்கே வரும் பாக்கெட்டையும் சாதனமே அனுப்பும் பாக்கெட்டையும் மட்டும் காட்டும். வழியே கடந்து போவதைக் காட்டாது. சிறு ரூட்டரிலும் வன்பொருள் ஆஃப்லோட் இயங்கினால், ஓர் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகள் தெரிந்து மற்றவை மறைந்துவிடும். விலேன் குறி போட்ட பாக்கெட்டை வெறும் போர்ட் வடிகட்டி பிடிக்காது. வடிகட்டியில் விலேன் என்று முதலில் சொல்ல வேண்டும். பெரிய சிப் செய்தி இரண்டு துண்டாக உடைந்து போனால், போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருக்கும். 5060 என்ற வடிகட்டி இரண்டாம் துண்டைத் தவறவிட்டு, செய்தி பாதியில் தொலைந்ததுபோல் காட்டும். துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி நிபந்தனையை விரித்துக்கொள்ள வேண்டும். வெளியே போகும் பாக்கெட்டில் செக்சம் தவறு என்று வயர்ஷார்க் சொன்னால், பெரும்பாலும் அதை நெட்வொர்க் அட்டை பிறகு நிரப்பப்போகிறது என்றே பொருள்.

இந்தக் குருட்டுப் புள்ளிகளைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. சாதனத்தைக் கடந்து போகும்படி, வழக்கத்தில் வராத அளவில், உதாரணமாக 333 பைட் தரவோடு, பத்து பிங் அனுப்ப வேண்டும். அதற்கேற்ற வடிகட்டியோடு எடுத்த கேப்சரில் பத்தும் போனதும் பத்தும் வந்ததும் தெரிந்தால் மேலே போகலாம். விலேனும் ஆஃப்லோடும் செய்யும் மறைப்பை இது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். முடியும்போது டிசிபிடம்ப் கடைசியாக அச்சிடும் வரிகளில் கெர்னல் விட்டுவிட்ட பாக்கெட் எண்ணிக்கை இருக்கும். அது பூஜ்யமாக இல்லாத கோப்பை வைத்து 'பாக்கெட் வரவில்லை' என்று யாரிடமும் சொல்லக் கூடாது. இரண்டு இடத்தில் எடுத்து ஒப்பிடுவதானால் இரண்டு சாதனமும் என்டிபி மூலம் ஒரே நேரத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வந்து சேர்ந்த கோப்பும் நம்பகமானதல்ல. அதில் இருப்பது வெளியார் அனுப்பிய பைட்டுகள். வயர்ஷார்க் நூற்றுக்கணக்கான நெறிமுறைகளைப் பிரித்துக் காட்ட முயல்கிறது, அந்தப் பிரிப்பான்களில் பிழைகள் அவ்வப்போது வெளிவருகின்றன. எனவே வயர்ஷார்க்கை ரூட்டாக ஓட்டக் கூடாது. பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சிறு நிரலுக்கு ஒதுக்கிய வடிவமைப்பே அதற்காகத்தான். கோப்பு குறியாக்கம் செய்த வட்டில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் உதவிக் குழுவுக்கு அனுப்ப நேர்ந்தால், சிக்கலான அந்த ஓர் அழைப்பின் பாக்கெட்டுகளை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து அனுப்பினால் போதும். கோப்பின் ஷா-256 தொகையை டிக்கெட்டில் குறித்துவைத்தால், பின்னால் எந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வராது.

கடைசியில், தொடங்கும் முன் எழுதிவைத்த முடிவை நிறைவேற்றுவது. சாதனத்தில் டிசிபிடம்ப் ஓடவில்லை என்பதைச் செயல்பட்டியலில் பார்க்க வேண்டும். 2002 போன்ற போர்ட் எதுவும் திறந்திருக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பேன், ஈஆர்ஸ்பேன் அமைப்புகள், மைக்ரோடிக்கின் ஸ்னிஃபர் ஸ்ட்ரீமிங் எல்லாம் நீக்கப்பட்டனவா என்பதை, வேலைக்கு முன் எடுத்துவைத்த கட்டமைப்பு நகலோடு இப்போதைய கட்டமைப்பை வரிக்கு வரி ஒப்பிட்டு உறுதி செய்யலாம். கேப்சர் சாவி, சுடூ விதி, ஸ்கிரிப்ட் மூன்றும் போக வேண்டும். குறித்த தேதியில் கோப்பை அழிக்கும்போது, வயர்ஷார்க் தன் தற்காலிகக் கோப்புறையில் எழுதிய நகலையும் தேட வேண்டும். நிரல் ஒழுங்காக மூடப்பட்டால் அந்த நகல் தானாகப் போய்விடும். நடுவில் முறிந்து நின்றிருந்தால் அங்கேயே கிடக்கும். அதையும் அழித்துவிட்டு, அழித்த தேதியை டிக்கெட்டில் எழுதி மூடலாம்.